பெருங்குடி பிஜி: ரூம் ஓகே, துணி உங்க பொறுப்பு

ஆறு மாசமா இந்த பிஜி (பேயிங் கெஸ்ட்) ஹாஸ்டல்லதான் இருக்கேன், சாப்பாடு சுமார், வைஃபை பரவால்ல, ஆனா வாஷிங் மெஷின் ரூமுக்காகவே ரெண்டு ஸ்டாருக்கு மேல தர மனசு வரல. மூணு ஃப்ளோருக்கும் சேத்து மாடில ஒரே ஒரு ஃப்ரண்ட் லோடு, காட்டன் மோடுல போட்டா முடியவே மாட்டேங்குது, சரின்னு கீழ போய் டீ குடிச்சிட்டு வந்தா நம்ம துணி ஈரத்தோட தரையில கிடக்கும், உள்ள வேற யாரோடதோ சுத்திட்டு இருக்கும். கிழிஞ்ச பனியன் எல்லாம் பத்திரமா இருக்கு, தீபாவளிக்கு அம்மா தி.நகர்ல எடுத்து குடுத்த நீல சட்டை மட்டும் அவுட்டு.

வார்டன் அண்ணன்ட்ட சொன்னா "காத்துல பறந்திருக்கும் தம்பி"ங்கறாரு. மெஷினுக்குள்ள ஏதுண்ணே காத்து? கேமரா இருக்கு, அது படிக்கட்ட பாத்துட்டு இருக்கு. போலீஸ் போலாம்னா, பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டம்) 303வது பிரிவுல 5000 ரூபாய்க்கு கீழ திருடி முதல் தடவ மாட்டினவன் பொருள திருப்பி குடுத்துட்டா சமூக சேவைதானாம், அதுக்கு யாரு அலையறது.

இப்பல்லாம் குவிக் வாஷ், போன்ல அலாரம், காலர் உள்ள மார்க்கர்ல ரூம் நம்பர். போன ஞாயித்துக்கிழமை அதே நீல சட்டை கொடில தொங்குது, அம்மா கறுப்பு நூல்ல தச்ச மூணாவது பட்டனோட. சத்தமில்லாம எடுத்துட்டு வந்துட்டேன், இதுவரைக்கும் யாரும் கேக்கல.