முழங்காலுக்கு நான்கு கிராம்: டைக்ளோஃபெனாக் ஜெல் குறித்து ஒரு மதிப்புரை

வலது முழங்காலில் குருத்தெலும்புத் தேய்மானம் தொடங்கிவிட்டதை எக்ஸ்ரேயில் பார்த்து உறுதிசெய்த மருத்துவர், மாத்திரைக்குப் பதிலாக 1 சதவீத டைக்ளோஃபெனாக் சோடியம் ஜெல்லை எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்பு இரைப்பைப் புண் வந்திருந்ததால், வாய்வழியாக உட்கொள்ளும் வலிநிவாரணிகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பூசுகிற மருந்துதானே என்று நானும் நிம்மதியாக வாங்கி வந்தேன். அந்த அலட்சியத்தால் முதல் மூன்று வாரங்களில் நான் செய்த தவறுகளும், அதன்பின் ஜெல்லைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதும் சேர்ந்ததே இந்த மதிப்புரை.

முதல் தவறு அளவில் நிகழ்ந்தது. தைலம் தேய்த்துப் பழகிய கைகளுக்குப் பட்டாணி அளவு எடுத்து, சூடு பறக்கத் தேய்த்தால்தான் மருந்து போட்ட திருப்தி வரும். ஐந்து நாட்கள் அப்படிச் செய்தும் வலி இம்மியும் குறையாததால் மருந்தையே குறை கூறத் தொடங்கியிருந்தேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டையை அதன்பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். முழங்கால், கணுக்கால், பாதம் ஆகியவற்றுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம். முழங்கை, மணிக்கட்டு, கை ஆகியவற்றுக்கு 2 கிராம். இரண்டுமே நாளுக்கு நான்கு வேளை. அட்டையில் குறித்திருந்த 4 கிராம் கோடு நான்கரை அங்குல நீளம், அதாவது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் இருந்தது. அவ்வளவு ஜெல்லைப் பிதுக்கிப் பார்த்தபோது எனக்கே கை கூசியது. முழங்கால் ஒன்றுக்கு மட்டும் நாளொன்றுக்கு 16 கிராம் என்றால், 100 கிராம் ட்யூப் ஆறு நாட்களில் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரே ட்யூபை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு பலன் இல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் நிச்சயம் நிறையப் பேர் இருப்பார்கள்.

சரியான அளவில் பூசத் தொடங்கியபின் வேறுபாடு தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. காலையில் எழுந்தவுடன் இருந்த விறைப்பு முதலில் குறைந்தது. மாடிப்படி இறங்கும்போது வரும் குத்தல் குறைந்ததே தவிர மறையவில்லை. இதில் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை. மூட்டுத் தேய்மானத்தில் இந்த ஜெல்லைப் பல வாரங்கள் பயன்படுத்தியவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தது என்றும், மருந்தில்லாத வெறும் ஜெல்லைப் பூசியவர்களில்கூடப் பத்தில் ஐந்து பேருக்கு அது கிடைத்தது என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறுகிறது. சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற புதிய காயங்களில் பலன் இதைவிடத் தெளிவாகத் தெரியும். முதுகெலும்பு, இடுப்பு, தோள்பட்டை ஆகியவற்றில் இதன் பலன் ஆராயப்படவில்லை என்று உற்பத்தியாளரின் குறிப்பே சொல்கிறது. முதுகுவலிக்கு இதைப் பூசுவோர் இந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி ஆபத்துகளுக்கு வருகிறேன். டைக்ளோஃபெனாக், ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகளின் வகையைச் சேர்ந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள் உடலில் உருவாவதை அது தடுக்கிறது; ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பேணுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். தோலின் வழியே செல்வதால் இரத்தத்தில் கலக்கும் அளவு மிகவும் குறைவு என்பது உண்மை. ஒரு முழங்காலில் 4 கிராம் வீதம் நான்கு வேளை பூசினால், 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கும்போது உடலில் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதமே சேர்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 48 கிராம் பூசியவர்களின் உடலில் அது 20 சதவீதம் வரை உயர்ந்தது. எல்லா மூட்டுகளுக்கும் சேர்த்து நாளுக்கு 32 கிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம், இரைப்பையில் இரத்தக் கசிவு ஆகியவை குறித்து மாத்திரைக்கு உரிய எச்சரிக்கைகள் ஜெல்லின் குறிப்பிலும் அப்படியே இடம்பெறுகின்றன. களிம்புக்கு இத்தனை மிரட்டலா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு முழங்கால்களிலும் இரண்டு கைகளிலும் மாதக்கணக்கில் பூசும் முதியவரை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது மிரட்டலாகத் தோன்றவில்லை.

இரண்டாவது தவறு இங்கேதான் நேர்ந்தது. பல்வலிக்காக வீட்டிலிருந்த இபுபுரோஃபென் மாத்திரையை இரண்டு நாட்கள் விழுங்கிக்கொண்டே, முழங்காலுக்கு ஜெல்லையும் பூசி வந்தேன். இரண்டும் ஒரே வகை மருந்து என்பது என் மனத்தில் பதியவே இல்லை. அடுத்த ட்யூப் வாங்கப் போனபோது, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருந்தாளுநர் கேட்டதால்தான் அது வெளிப்பட்டது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள், ஆஸ்பிரின், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீர்ப்பெருக்கிகள், லித்தியம், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றை எடுத்துக்கொள்வோர் ஜெல்லைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரினால் மூச்சிரைப்போ தோல் தடிப்போ வந்தவர்களுக்கு இந்த ஜெல் கூடாது; இதய இரத்தக்குழாய் மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் காலத்திலும் கூடாது. கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். மலம் கறுத்துப் போதல், திடீர் மூச்சுத்திணறல், கால் வீக்கம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ஜெல்லை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தவறின் தடம் இன்னும் என் தோலில் இலேசாக இருக்கிறது. பூசிய கையோடு இறுக்கமான முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு, அதன் மேல் வெந்நீர்ப் பையையும் வைத்திருந்தேன். இரண்டே நாளில் உறையின் வடிவத்திலேயே தோல் சிவந்து அரிக்கத் தொடங்கியது. பூசிய இடத்தில் எரிச்சலோ தடிப்போ வருவதுதான் இந்த ஜெல்லின் மிகப் பொதுவான பக்கவிளைவு. ஆய்வுகளில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு அது ஏற்பட்டிருக்கிறது. இருந்தாலும் என் விஷயத்தில் குற்றம் மருந்தின் மீது இல்லை. பூசியபின் 10 நிமிடங்களாவது காத்திருந்துதான் ஆடையால் மூட வேண்டும். காற்றுப் புகாத கட்டும் வெப்ப ஒத்தடமும் கூடவே கூடாது. ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவவும் கூடாது. பூசிய பகுதியில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும், புண்ணிலோ கண்ணிலோ படாமல் தவிர்ப்பதும் இதே வரிசையில் சேரும்.

பூசிய கையைக் கழுவுவதற்கு முன் ஒரு தாளில் துடைத்துவிடுகிறேன். நீர்நிலைகளில் கலக்கும் டைக்ளோஃபெனாக் மீன்களுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால் இந்தப் பழக்கம். கைக்கே மருந்து போடுபவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கழுவ வேண்டும். வளர்ப்புப் பூனையோ நாயோ பூசிய இடத்தை நக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைக்ளோஃபெனாக்குடன் மென்தால், மெத்தில் சாலிசிலேட் போன்றவற்றையும் சேர்த்த கலவை ஜெல்களும் கிடைக்கின்றன. குளிர்ச்சியும் காரமும் உடனே தெரிவதால் அவை வேகமாக வேலை செய்வதாகத் தோன்றும். எனினும் மெத்தில் சாலிசிலேட் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டக்கூடியது என்பதாலும், தோலைச் சுட்டுவிடவும் கூடும் என்பதாலும், எனக்கு எழுதிக் கொடுத்த தனி ஜெல்லை மாற்ற நான் விரும்பவில்லை.

குறை சொல்ல வேண்டுமானால் பொதியமைப்பைத்தான் சொல்வேன். 32 கிராம் என்ற வரம்பு, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், பலமுறை மடித்த தாளுக்குள் ஒளிந்திருக்கிறது. ட்யூபோ தோற்றத்தில் பற்பசையைப் போலவே இருக்கிறது. கண்ணாடி அணியாத ஒரு காலையில் பல்துலக்கியின் மீது அதைப் பிதுக்கப் போய், மணம் மாறுபட்டதால் தப்பித்தேன். அன்று முதல் ட்யூபும் அளவு அட்டையும் படுக்கையறை அலமாரியில் ஒரு தனி டப்பாவுக்குள் இருக்கின்றன.