வைட்டமின் சி சீரமா, நியாசினமைடா? சென்னை வெயிலில் எது தாங்கும்

பரு ஆறிப் போனாலும் அது இருந்த இடத்தில் கருப்பாக ஒரு தடம் மாதக்கணக்கில் நிற்கிறதே, அதற்கு என்ன போடலாம் என்று கேட்டால் இப்போது எல்லோரும் சொல்வது இரண்டு பெயர்கள்தான். ஒன்று வைட்டமின் சி சீரம், இன்னொன்று நியாசினமைடு (வைட்டமின் பி3யின் ஒரு வடிவம்) சீரம். இரண்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்தபின் நான் நியாசினமைடு பக்கம் வந்துவிட்டேன். அதற்கு முக்கியமான காரணம் முகத்தைவிட பாட்டிலைச் சேர்ந்தது.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே வைட்டமின், இரண்டுமே கரும்புள்ளியை மெதுவாக மங்க வைக்கும், எதுவும் பிறவி நிறத்தை மாற்றாது. காலையில் சன்ஸ்கிரீன் போடாமல் பைக்கில் கிளம்பினால் இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

வேலை செய்யும் விதம் வேறு. தோலில் மெலனின் என்ற நிறமி உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். வைட்டமின் சி அந்த இடத்திலேயே கை வைக்கிறது. நியாசினமைடு நிறமி உருவாவதைத் தடுப்பதில்லை, உருவான நிறமி மேலே உள்ள செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் வைட்டமின் சிக்கு ஒரு படி கூடுதல் பெருமைகூட உண்டு. வெயிலாலும் புகையாலும் தோலில் ஏற்படும் சேதத்தை ஓரளவு தடுக்கும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாகவும் உதவும்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? வைட்டமின் சியின் அசல் வடிவமான எல்-அஸ்கார்பிக் ஆசிட் தண்ணீரில் கரைந்த நிமிடத்திலிருந்து கெட ஆரம்பிக்கிறது. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. மே மாதக் கத்திரியில் நம் ஊரில் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து, குடோனில் கிடந்து, ஏசி இல்லாத கடையின் கண்ணாடி அலமாரியில் கிடந்து, பிறகுதான் பாட்டில் நம் கைக்கு வருகிறது. மாம்பலத்தில் ஒரு கடையில் சீல் பிரிக்காத பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே டிகாக்‌ஷன் நிறம். "சி சீரம்னா இந்தக் கலர்தான்க்கா இருக்கும்" என்றார் கடைத் தம்பி. இல்லை. நல்ல நிலையில் இருக்கும் அஸ்கார்பிக் ஆசிட் சீரம் நிறமே இல்லாமலோ, மிக லேசான மஞ்சளாகவோ இருக்கும். சி சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபெருலிக் ஆசிட் உள்ளதில் கொஞ்சம் கூடுதல் மஞ்சள் தெரியலாம். அடர் ஆரஞ்சும் பழுப்பும் வந்துவிட்டால் மருந்தில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள், போதாததற்கு முகத்திலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறை வேறு விழும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜில் வைக்க வேண்டும். டிராப்பர் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகிறது. குளியலறை அலமாரியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஹாஸ்டலிலும் மேன்ஷனிலும் தங்கியிருப்பவர்களுக்கு, பொது பிரிட்ஜில் இதற்கு எங்கே இடம்?

நியாசினமைடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அஸ்கார்பிக் ஆசிட் தோலுக்குள் இறங்க, சீரத்தின் பிஎச் 3.5க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருக்க வேண்டும். அதனால்தான் பலருக்கு எரிகிறது. நியாசினமைடு தோலுக்கு இதமான 5 முதல் 7 பிஎச்சிலேயே நிலையாக இருக்கும். மேசை மேல் வெயில் படாமல் வைத்தால் போதும், கோடை முழுக்க என் பாட்டில் தண்ணீர் நிறத்திலேயே இருந்தது. எண்ணெய் வழியும் முகத்துக்கு இன்னொரு லாபம், எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் குறைக்கிறது. மதியம் மூக்கின் ஓரத்தில் கைக்குட்டையால் ஒற்றினால் வித்தியாசம் தெரிகிறது. ஈரப்பதத்தைப் பிடித்துவைக்கும் செராமைடு என்ற கொழுப்பைத் தோல் உருவாக்கவும் உதவுவதால் ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களின் வறட்சிக்கும் நல்லது. பருவுக்கும் ஆதாரம் இருக்கிறது: 1995இல் வெளியான ஓர் ஆய்வில் 4 சதவீத நியாசினமைடு ஜெல், பருவுக்குப் பூசும் ஆன்டிபயாட்டிக்கான 1 சதவீத கிளிண்டமைசின் ஜெல்லுக்கு ஈடாக வேலை செய்தது.

பத்து சதவீதம், பன்னிரண்டு சதவீதம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 2 முதல் 5 சதவீதம்தான். அளவு ஏறினால் சிலருக்குச் சிவந்து அரிக்கும். 5 சதவீதத்தில் தொடங்குங்கள். சதவீதமே போடாத கிரீம் என்றால் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவு வரிசைப்படி வரும், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அந்தப் பெயருக்குப் பிறகு நியாசினமைடு வந்தால், அது பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வைட்டமின் சியை முழுக்க ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. நாள் முழுக்க வெயிலில் அலைகிற வேலை, பரு கிடையாது, வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது என்றால் அதுதான் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம். எத்தில் அஸ்கார்பிக் ஆசிட், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, எரிச்சலும் குறைவு. ஆனால் அசல் அளவுக்கு ஆய்வுகள் அவற்றுக்கு இல்லை, நானும் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நீண்ட நாள் போட்டதில்லை. கன்னத்தில் படரும் மங்கு விஷயத்தில் எனக்கு அனுபவமே கிடையாது. அதற்குத் தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

சி வாங்குவதாக முடிவு செய்தால் இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக, அடர்நிறக் கண்ணாடியிலோ காற்றுப் புகாத பம்ப்பிலோ வருவதாகப் பார்த்து, தயாரித்த தேதி பக்கத்தில் இருப்பதாக எடுங்கள். கோடையில் ஆர்டர் போடாமல் மார்கழி, தை பக்கம் வாங்குவது இன்னும் நல்லது. திறந்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதிவையுங்கள், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.