‘கியர் ஸ்மூத் பேக்கேஜ்’ என்ற பெயரில் 11,400 ரூபாய்: பெங்களூரில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கியர் மிருதுவாக விழும்படி செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, என்னிடம் 11,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, வண்டியின் கிளட்ச் கவரைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று மாலைதான் இது எனக்கு ஐயமின்றித் தெரிய வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் உள்தெரு ஒன்றில், எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கும், இணையத்தில் பாராட்டுகள் குவிந்து கிடக்கும் தனியார் பைக் சர்வீஸ் கடை என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள். இதே வகைக் கடைகள் நகரெங்கும் இருக்கின்றன; இதே பேக்கேஜை விற்கவும் செய்கின்றன. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது புதிதாக வாங்கி நானே ஓட்டிவரும் 150 சிசி வண்டி. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வருகிறேன். சில மாதங்களாக ஒரு தொல்லை. காலையில் கிளம்பும்போது கியர் ஒழுங்காக விழும்; சில்க் போர்டு சிக்னலை நெருங்கி, நின்று நின்று நகரத் தொடங்கியதும் முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வராது. காலால் எத்தனை முறை தட்டினாலும் இரண்டுக்குப் போகும், திரும்ப ஒன்றுக்கு வரும், நடுவில் நிற்காது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம் பாதம் வரை அதிரும். கிளட்ச்சைப் பிடித்தபடியே சிக்னலில் நின்று நின்று இடது மணிக்கட்டு வீங்கிப்போனது. அந்த நிலையில்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எந்த ஊர் என்று விசாரித்தார். திருப்பத்தூர்ப் பக்கம் என்றேன். தன் மாமியார் வீடு வாணியம்பாடி என்றார். வண்டியை எடுத்துத் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, நான் ஒன்றும் சொல்லாமலேயே, “நியூட்ரல் விழமாட்டேங்குது, அதானே சார்?” என்று கேட்டார். பிறகு, பாதியாக அறுத்து வைத்திருந்த ஒரு கியர் பாக்ஸை மேசைமேல் வைத்து விளக்கத் தொடங்கினார். பைக்கில் பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுற்றும் என்றும், நாம் காலால் மிதிக்கும்போது ஒரு உருளை திரும்பி, அதன் பள்ளங்களில் ஓடும் ஃபோர்க்குகள் பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி அதன் கொண்டிகளை அடுத்த சக்கரத்தின் துளைகளில் மாட்டுகின்றன என்றும், கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் அந்தக் கொண்டிகள் இறுகிக்கொண்டு வெளியே வராது என்றும் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

கியர் பாக்ஸ் இயங்கும் விதத்தைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியானது. இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஏமாற்றுபவர்கள் விஷயம் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவருக்கு விஷயம் நன்றாகவே தெரியும். “ஃபோர்க் தேஞ்சிருக்கு, கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு. ரெண்டையும் பார்த்துட்டா வெண்ணெய் மாதிரி விழும் சார். நம்ம ஊர் ஆளு, உங்ககிட்ட நான் அதிகமா வாங்கமாட்டேன்” என்றார். கிளட்ச் பிளேட் செட்டுக்கு 4,600, ஃபோர்க்கும் உருளையும் மாற்ற 3,900, ஆயிலுக்கும் ‘ட்ரீட்மெண்ட்’டுக்கும் 1,400, கூலி 1,500, ஆக 11,400 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலையில் விட்ட வண்டியை அன்று மாலையே தந்துவிட்டார்.

வண்டியை எடுக்கப் போனபோது நான் கேட்பதற்கு முன்பாகவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையை நீட்டினார். அதில் ஆயில் சொட்டும் கிளட்ச் பிளேட்டுகள், தேய்ந்த இரண்டு ஃபோர்க்குகள், காலியான சிறு பாட்டில் ஒன்று. “உங்க வண்டியில கழட்டினது சார், எதையும் மறைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல” என்றார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள் என்றுதானே எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள்? கேட்காமலேயே கொடுக்கிறார் என்றால் நேர்மையானவர் என்று எவருக்கும் தோன்றும். அந்த இடத்திலேயே ஜிபேயில் 11,400 ரூபாயையும் செலுத்தினேன்.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. முன்பைவிட வழவழப்பாகக் கியர் மாறியது. பிறகு டெய்ரி சர்க்கிள் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. கருகும் நாற்றம் வேறு. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார். நியூட்ரல் தொல்லையும் பழையபடி திரும்பி வந்துவிட்டது.

அன்றே கடைக்குப் போன் செய்தேன். “புது பிளேட் செட் ஆக ஐநூறு கிலோமீட்டர் ஆகும் சார், ஓட்டுங்க” என்றார். ஓட்டினேன், இன்னும் மோசமானது. மறுபடி அழைத்தபோது நான் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுகிறேன் என்று பழி என்மேல் திரும்பியது. நேரில் போனபோது, ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்று கடைப்பையன் சொன்னான். திங்கட்கிழமை போனேன், வேறு கிளைக்குப் போயிருக்கிறார் என்றான். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் உடனே எடுத்து, என் குரலைக் கேட்டதும் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் துண்டித்தார். என்னிடம் பணம் வாங்கும்வரை பேசிய தமிழ் அவருக்கு மறந்துவிட்டது.

நேற்று அல்சூரில் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்துக் கிளட்ச் கவரின் போல்ட்டுகளைப் பார்க்கச் சொன்னார். “தம்பி, இதைத் திறந்திருந்தா இந்த மண் எப்படி இங்க இருக்கும்?” என்று கேட்டார். ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் கவருக்கும் இடையே, மழைக்காலச் சேறு காய்ந்து கோடாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட சுவடே இல்லை. பிறகு என்னை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத் திறந்தார். ஆயில் கசியாமலிருக்கக் கவருக்கும் இன்ஜினுக்கும் இடையே வைக்கும் பேக்கிங் தாள், வண்டி செய்த கம்பெனியில் வைத்ததேதான். இரு பக்கமும் வெந்து ஒட்டிப்போய், பிளேடால் சுரண்டச் சுரண்டத் துண்டு துண்டாக வந்தது. ஒருமுறை கவரைக் கழற்றியிருந்தால் அது அப்போதே கிழிந்திருக்கும், புதியது போட்டிருப்பார்கள்.

நான் கொண்டுபோயிருந்த கறுப்புப் பையிலிருந்து ஒரு பிளேட்டை எடுத்து என் வண்டியின் கிளட்ச் ஹவுசிங்கில் வைத்துக் காட்டினார். உட்காரவே இல்லை. விளிம்பில் உள்ள காதுகள் ஹவுசிங்கின் பள்ளங்களோடு பொருந்தவில்லை. பிளேட்டே அளவில் பெரியது. வேறு ஏதோ ஒரு பெரிய வண்டியின் குப்பையை என் வண்டியினுடையது என்று கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்க் மாற்றிய கதை இன்னும் பெரிய பொய். என் வண்டியில் ஃபோர்க்கைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். அதைச் செய்து அதே நாள் மாலையில் வண்டியைத் தருவது நடக்கிற காரியமே இல்லை என்றார் பாய்.

அவர்கள் உண்மையில் செய்தது ஒன்றே ஒன்று: பையில் காலியாகக் கிடந்த பாட்டிலில் இருந்ததை என் ஆயிலில் ஊற்றியது. அந்தக் காலி பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தோம். அது கார் இன்ஜினுக்கான, உராய்வைக் குறைக்கும் திரவம். ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள வாகனங்களில் ஊற்றக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நம் பைக்குகளில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உராய்வு வேண்டும். அதனால்தான் பைக் ஆயிலுக்கென்று ஜப்பானின் ஜாசோ அமைப்பு 1998-இல் தனித் தரமே வகுத்தது. கேனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருப்பது அதுதான். உராய்வைக் குறைக்கும் மருந்தை ஊற்றியதும் கியர் சில நாள் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பிறகு பிளேட்டுகளும் வழுக்கத் தொடங்கின. நன்றாக இருந்த பிளேட்டுகளைக் கெடுத்ததற்கா 11,400 ரூபாய்?

தொடக்கத்திலிருந்த கோளாறு என்ன தெரியுமா? கிளட்ச் கேபிள். லீவரில் மாட்டும் நுனியில், உறைக்குள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சமிருந்தவை நீண்டுவிட்டன. லீவரை முழுதாகப் பிடித்தாலும் பிளேட்டுகள் முழுதாக விலகவில்லை. ஆகவே நியூட்ரல் விழவில்லை. சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டியது. இப்போது கேபிளோடு பிளேட் செட்டும் ஆயிலும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதுவும் என் பணத்தில்தான்.

இன்று காலை அந்த வீடியோவோடு கடைக்குப் போனேன். ஓனர் இருந்தார். பார்த்துவிட்டு நிதானமாக, “வெளியாளை விட்டுத் திறந்துட்டீங்களே சார், இனிமே நாங்க பொறுப்பில்ல” என்றார். பில் கேட்டேன். அந்தக் கையெழுத்துத் தாள்தான் பில் என்றார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, கடையின் முத்திரை இல்லை, வண்டி எண்கூட இல்லை. 11,400 ரூபாய் வாங்கியதற்கு என்னிடம் இருப்பது ஜிபே பதிவு மட்டுமே.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். அதற்கான தாள்களைத் திரட்டும் வேலை இருப்பதால் உங்களுக்கு விரிவாக எழுத நேரமில்லை. கியர் கடினமானால் முதலில் கேபிளையும் லீவரின் தளர்வையும் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘ட்ரீட்மெண்ட்’ என்று எதையும் ஆயிலில் ஊற்ற விடாதீர்கள். பழைய பாகங்கள் கொண்ட பையை நம்பாதீர்கள். கவரை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் விடுவதற்கு முன் போல்ட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். வண்டி எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஃபோர்க் மாற்றியதாகச் சொல்லி அன்று மாலையே வண்டியைத் தருபவர்களிடம், எந்த இடத்தில் இன்ஜினை இறக்கினார்கள், யார் பிளந்தார்கள் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.