ஊசி குத்தினால் எதற்குப் பயப்படுவது: எச்.ஐ.வி.க்கா, ஹெபடைட்டிஸ் பி.க்கா?

யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கச்சிமார் வார்டில் ஊசி குத்திவிட்டால் முதலில் கேட்பது எச்.ஐ.வி.யைப் பற்றித்தான். கணக்கு வேறு. தொற்றுள்ளவரின் குருதி பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி. (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்றால் அது 6 முதல் 30 சதவீதம் வரை போகும். அதோடு இந்த வைரஸ் காய்ந்த குருதியில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும் (ட்ரேயைச் சும்மா துடைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க), எச்.ஐ.வி.க்கு வெளியில் அந்தத் தெம்பு இல்லை.

ஆனால் ஹெபடைட்டிஸ் பி.க்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸ் போட்டு, எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்குக் குறையாமல் வந்ததா என்று குருதிப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டால் பெரும் கவலை தீர்ந்தது. பயிற்சி தொடங்கமுன் இதை முடிக்காமல் இருப்பது சோம்பல்தான், வேறொன்றுமில்லை. தொற்றினாலும் பெரியவர்களில் பெரும்பாலானோருக்குத் தானாக மாறிவிடும், சிலருக்கு மட்டும் நாட்பட்டு ஈரலைக் கெடுக்கும்.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இல்லை, தானாக மாறவும் மாறாது. ஊசி குத்தியபின் தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கி 28 நாள் விடாமல் போடவேண்டும். மீறித் தொற்றினால் வாழ்நாள் முழுக்க மருந்து, ஆனால் ஒழுங்காகப் போட்டால் மற்றவர்களைப் போலவே வேலை, கலியாணம், பிள்ளைகள் எல்லாம் உண்டு.

முதல் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: பிதுக்காமல் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஏச்சு விழுமே என்று ஒளிக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.