கார் புளோயர் மக்கர்: ரெசிஸ்டரா, கார்பனா, புது மோட்டாரா?

ஏசிக் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயர் நான்காம் நம்பரில் மட்டும் ஓடுகிறது, ஒன்று இரண்டு மூன்றில் மூச்சில்லை. இதைச் சொன்னால் எந்த எலக்ட்ரீஷியனும் இருந்த இடத்திலிருந்தே "ரெசிஸ்டர் போச்சு சார்" என்பார். பெரும்பாலும் அது சரிதான். நானும் மாற்றினேன். ஐந்தே மாதத்தில் மறுபடி நான்காம் நம்பர் மட்டும். இரண்டாவது ரெசிஸ்டரைக் கழற்றியபோது அதன் கப்ளர் (வயர் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) பழுப்பேறி, ஒரு ஓரம் உருகியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மோட்டாரைச் சந்தேகப்படத் தோன்றியது.

நாப் வைத்த சாதாரண ஏசி கார்களில் ரெசிஸ்டர் என்பது சில கம்பிச் சுருள்களும் ஒரு வெப்ப ஃபியூஸும் சேர்ந்த, மோட்டார் வேகத்தைக் குறைக்கும் சின்னத் துண்டு. குறைந்த வேகத்தில் மின்சாரம் எல்லாச் சுருளையும் கடந்து மோட்டாருக்குப் போகும். நான்கில் அவற்றைத் தொடாமல் நேராகப் போய்விடும். அதனால்தான் ரெசிஸ்டர் செத்தாலும் நான்கு பிழைக்கிறது. ஒன்றாம் நம்பரில் மோட்டாருக்கு 4 வோல்ட் போய், 4 ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மிச்சம் 8 வோல்ட் சுருளில் விழும். 32 வாட் வெப்பம். வீட்டில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான்! இந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரை புளோயர் காற்று வரும் வழியிலேயே பொருத்துகிறார்கள். கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்தால் காற்று குறைந்து, ரெசிஸ்டர் வெந்துபோகும். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும் என்று பலர் சொல்வார்கள். இந்த வகை உருளை விசிறியில் நடப்பது நேர்மாறு. தள்ள வேண்டிய காற்று குறைவதால் கரண்டும் குறையும். கெடுவது குளிர்ச்சிதான்.

எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் கதை வேறு. ஃபியூஸ், ரிலே, எர்த், சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பல கார்களில் புளோயர் நாப் பூஜ்ஜியத்தில் இருந்தால் கம்ப்ரஸரே எடுக்காது, கூலிங் காயில் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. இது தெரியாமல் "ஏசி வேலை செய்யல" என்று கொண்டுபோய்க் கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சோதிக்க மல்டிமீட்டரா, பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பா? புளோயருக்கு என் ஓட்டு டெஸ்ட் லேம்ப்புக்கு. துருப்பிடித்து மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கப்ளரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டி ஏமாற்றும். மீட்டர் கரண்டே இழுப்பதில்லை, அதனால்தான். பல்பு கொஞ்சமாவது இழுக்கும். மங்கலாக எரிந்தால் உண்மை தெரிந்துவிடும். மோட்டார் கப்ளரின் இரண்டு கம்பிகளையும் பார்க்க வேண்டும். பல ஜப்பானிய, கொரிய வடிவமைப்புகளில் பிளஸ் நேராக மோட்டாருக்கு வந்துவிடும், ரெசிஸ்டரும் சுவிட்சும் எர்த் பக்கம் இருக்கும். பிளஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு "கரண்ட் வருது, மோட்டார் அவுட்" என்று தீர்ப்பு சொல்வது அவசரம்.

மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க மல்டிமீட்டரைத் தொடரில் சேர்க்காதீர்கள். அதன் வரம்பு பெரும்பாலும் 10 ஆம்பியர். சிறிய காரின் புளோயரே முழு வேகத்தில் அதைத் தாண்டக்கூடும். பேட்டரியின் டிசி கரண்டை அளக்கும், வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மலிவு கிளாம்ப் பெரும்பாலும் வீட்டு மின்சாரமான ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். கிளாம்ப் இல்லையா? குளோவ் பாக்ஸைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்து, விசிறியை விரலால் சுண்டிப் பாருங்கள். காந்தம் இழுப்பதால் லேசாகப் படிப்படியாகத் தட்டும், அது பரவாயில்லை. சுண்டியதும் கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். என் மோட்டார் சுண்டிய இடத்திலேயே நின்றது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, இடப்பக்கக் கார்ப்பெட் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரமாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஈரத்தில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் துருப்பிடித்து, ஷாஃப்ட் இறுகி, கரண்ட் ஏறி, ரெசிஸ்டரை எரித்திருக்கிறது.

இனி எதை மாற்றுவது?

ரெசிஸ்டர் மட்டும் போனது, மோட்டார் லகுவாகச் சுற்றுகிறது என்றால், சில நூறு ரூபாய் விஷயம். ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் வெளிப்பார்வையில் வித்தியாசமே தெரியாது. எனக்கு முக்கியம் வெப்ப ஃபியூஸ். அது சரியான சூட்டில் அறுந்தால்தான் டாஷ்போர்டு பிழைக்கும். இதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, ஒரிஜினல்தான். அறுந்த ஃபியூஸின் மேல் ஒரு கம்பியைச் சால்டர் செய்து "சரியாயிடுச்சு" என்று கொடுப்பவர்களிடம் தள்ளியே இருங்கள். புளோயருக்குத் தனி சுவிட்ச் வைத்து 'டைரக்ட்' போட்டுத் தருவதும் அதே வகைதான். எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் முழு வேகம் மட்டும் கிடைக்கும். அந்த வயரில் ஃபியூஸ் போட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. கப்ளர் கருகியிருந்தால் ரெசிஸ்டரோடு கப்ளரையும் மாற்றுங்கள். தளர்ந்த பழைய முனை புதியதையும் கருக்கிவிடும்.

மோட்டாரில் கோளாறு என்றால் மூன்று வழி: கார்பன் (சுழலும் பாகத்தில் உரசி அதற்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) மாற்றுவது, செகண்ட் ஹேண்ட், புதுசு.

சித்தப்பா காரில் புளோயர் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. கீழே முழங்காலை வைத்துத் தட்டினால் கிளம்பும். இது கார்பன் தேய்ந்ததற்கான பழைய, நம்பகமான அடையாளம்.

"புதுசு போட்டுடலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"புஷ் நல்லா இருக்கு தம்பி. கார்பன் போட்டா போதும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

சரியான அளவுக்குக் கார்பனைத் தேய்த்து, சுழலும் பாகமான ஆர்மேச்சரின் செப்புப் பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, புஷ்ஷில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டார். கிரீஸ் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரே இன்னும் மோசம், இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகும். விசிறியில் சின்ன உலோகக் கிளிப்புகள் இருந்தால் இடம் மாற்றாதீர்கள். சக்கர பாலன்ஸிங் எடை மாதிரி அவை. இந்த வழி புதுசை விட எவ்வளவோ மலிவு, ஆனால் கைநேர்த்தி வேண்டும். பல புது மோட்டார்களின் மூடி பிரிக்க முடியாதபடி அழுத்தி மூடப்பட்டிருப்பதால் எல்லாவற்றுக்கும் செல்லாது. புஷ் ஆட்டம் கண்டிருந்தால் கார்பன் மாற்றுவது வீண் செலவு.

செகண்ட் ஹேண்டுக்கு சென்னையில் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. உற்பத்தி நின்றுபோன கார்களுக்குச் சில சமயம் அதுதான் ஒரே வழி. மற்றபடி எனக்குத் தயக்கம். புளோயர் பயணியின் கால் அருகே தாழ்வாக இருக்கிறது, காருக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனையும் பாகங்களில் அதுவும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இது வீண் பயமில்லை. வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் பத்து நிமிஷம் ஓட்டிக் காதைக் கொடுங்கள். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சுற்றும் திசையும் கப்ளரும் பழையதோடு பொருந்த வேண்டும். முனையில் பச்சை பூத்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

புதுசு சில ஆயிரம் ஆகும். என் காருக்கு அதுதான் வாங்கினேன், துருப்பிடித்த புஷ்ஷை நம்ப மனம் வரவில்லை. பொருத்துவது பெரிய வேலையில்லை, பல கார்களில் மூன்று ஸ்க்ரூ, ஒரு கப்ளர். குனிந்து இடுக்கில் கையை விடும் அவஸ்தைதான் வேலை.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் கார்களில் கம்பிச் சுருளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது போனால் ஒன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது ஓடவே ஓடாது. விலையும் ரெசிஸ்டர் மாதிரி இல்லை. அங்கே மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்காமல் மாட்யூலை மட்டும் மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

புது மோட்டாரோடு மூன்றாவது ரெசிஸ்டரும், கப்ளரும், ஃபில்டரும் போட்டேன். தண்ணீர்க் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தபோது ஒரு பிடி வேப்பஞ்சருகு வந்தது. அந்த மரத்தடியில்தான் இன்னமும் காரை நிறுத்துகிறேன், வேறு நிழல் இல்லை.