கைக்குழந்தைக்குத் தீராத அரிப்பு: கரப்பானா, சொறியா?

குழந்தை இரவெல்லாம் நெளிகிறது, தடிப்பு வாரக்கணக்கில் போகவில்லை என்றால், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: எக்ஸிமா எனும் கரப்பான், ஸ்கேபிஸ் எனும் சொறி. வேர்க்குருவை இதில் சேர்க்க வேண்டாம். காற்றோட்டம் கிடைத்தால் அது சில நாளில் அடங்கிவிடும்.

கரப்பான் கன்னத்திலும் தலையிலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் வரும். தோல் காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். டயப்பர் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பித்துவிடும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சொறிக்குக் காரணம், தோலுக்குள் வளை தோண்டும், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய உண்ணி. பெரியவர்களுக்குக் கழுத்துக்கு மேலே அது அபூர்வம். குழந்தைக்கோ தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால் என எங்கும் வரும். உள்ளங்காலில் கொப்புளமும் அக்குளில் கெட்டியான முடிச்சும் இருந்தால் நான் சொறியைத்தான் முதலில் நினைப்பேன். வீட்டில் வேறு யாருக்காவது இரவில் விரலிடுக்கு அரிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். முதன்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் அம்மாவுக்கு அரிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சொறி இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து உண்ணி தென்படாவிட்டாலும் அப்படித்தான்.

இரண்டும் குழம்பிப்போவதற்குப் பெரிய காரணம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். கரப்பானுக்கு டாக்டர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு நல்ல மருந்து, கூடவே மாய்ஸ்சரைசரும் தாராளமாக வேண்டும். சொறியில் அதே க்ரீம் சிவப்பைக் குறைத்து அடையாளத்தை மறைக்கும், உண்ணி பெருகிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து டாக்டர் பார்ப்பதற்கு முன் அதைத் தடவாதீர்கள். கரப்பானுக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நினைத்து, தாய்ப்பால் தரும் அம்மாவுக்கு முட்டை, மீனை நிறுத்துவதும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாதது.

சொறி என்று உறுதியானால், 2 மாதம் தாண்டிய குழந்தைக்கு வழக்கமாகத் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். குழந்தைக்குத் தலையிலும் தடவ வேண்டும், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு. அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவி, ஒன்றிரண்டு வாரம் கழித்து டாக்டர் சொன்னபடி மறுபடியும் தடவ வேண்டும். துணிமணியை வெந்நீரில் அலச வேண்டும். உண்ணி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று பயந்து, நீங்களாகவே மேலும் மேலும் தடவ வேண்டாம்.