குரூப்பரின் ‘ரூயின்ஸ்’: முறிந்த காதலும் மழைக்கால வீடும்

குரூப்பர் என்ற பெயரில் இசையமைக்கும் அமெரிக்கக் கலைஞர் லிஸ் ஹாரிஸ், 2011 இல் போர்த்துக்கலின் அல்ஜெசூர் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது பதிவுசெய்து, 2014 ஒக்டோபரில் வெளியிட்ட தொகுப்பு ‘ரூயின்ஸ்’. காதல் முறிவைச் சொல்லும் அம்பியன்ட் இசையில் (தாளத்தைவிடச் சூழலின் உணர்வை முன்னிறுத்தும் மெதுவான இசை) நான் மிகவும் மதிப்பது இதையே. கடற்கரைக்கு அவர் நாள்தோறும் நடந்த வழியில் பாழடைந்த பண்ணைகளும் ஓர் ஊரும் கிடந்தன. அந்த நடையையும், இடிந்த காதலின் எச்சங்களுக்குள் வாழ்வதையும் பதிந்த ஆவணமாகவே அவர் இதைக் கருதினார்.

கடைசிப் பகுதி நீங்கலாக, கருவிகள் சொற்பம்: ஒரு பியானோ, ஓர் ஒலிவாங்கி, நான்கு தடங்களில் பதியும் ஒரு சிறிய பெட்டி. அறையின் ஓசையை அவர் துடைத்தெறியவில்லை. ‘லாபிரிந்த்’ என்னும் நான்காம் பகுதியில் பியானோ மட்டும் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப வந்து அடங்கும் வேளையில், புயலில் நின்றுபோன மின்சாரம் மீண்டதால் மைக்ரோவேவ் அடுப்பு ‘பீப்’ என்று ஒலிப்பது அப்படியே பதிவாகியுள்ளது. மாரி மழையில் மின்சாரம் போய் வரும் மட்டக்களப்பு வீடுகளில் இருப்போருக்கு அந்த ஒலி நன்கு பழகியது. மனம் உடைந்திருக்கும்போதும் வீடு தன் பாட்டில் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதை எந்த வரியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிடாது.

நமது மட்டக்களப்புப் பகுதியின் நாட்டார் கவிகளில் கைவிடப்பட்ட பெண் மச்சானை நேர்நின்று கேள்வி கேட்கிறாள். அங்கே துயரத்தைச் சுமப்பது சொல்லே. ஹாரிஸின் குரலோ பியானோவுக்குப் பின்னால் ஒதுங்கி, சொற்கள் பிடிபடுவதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. தான் நேசித்தும் ஒத்துப்போக முடியாத ஒருவருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த ‘கோல் அக்ரொஸ் ரூம்ஸ்’ பாடலில், இந்த ஒதுக்கம் குறையாக அல்ல, கடிதம் எழுதியவரின் தயக்கமாகவே கேட்கிறது.

2004 இல் தாயாரின் வீட்டில் பதிந்த கடைசிப் பகுதி, பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளும் மின்னணு இசை. தனியாகக் கேட்டால் அது அழகுதான். ஆயினும் பியானோவுக்கும் மழைக்கும் பழகிய செவிக்கு அது வேறொரு வீட்டின் கதை. அதற்கு முந்திய ‘ஹோல்டிங்’ பாடலோடு தொகுப்பை முடித்திருக்கலாம் என்பதே என் கருத்து.

கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்க வேண்டாம். மின்விசிறிச் சத்தத்திலேயே பாதி மறைந்துவிடும். மட்டக்களப்பின் கல்லடி போன்று அலையோசை கேட்கும் இடங்களில் இருப்போர் ஹெட்போன் அணிந்து, இரவு பிந்திய பிறகு, முதற்பகுதியிலிருந்து வரிசை மாறாமல் கேட்க வேண்டும்.